முப்பத்தையாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு

இரண்டு கண்ணிலும் புரை எடுத்துப் புதிதாக லென்ஸ் வைத்திருக்கிறேன். அந்த இரண்டு லென்ஸ் மீதும், போன தைப்பூசத்துக்கு முன்பு கட்டிய மேல்வரிசைப் பற்கள் மீதும், ஜெலுத்தோங் அடுக்குமாடியில் என் வீட்டுக் கடன் தீர்ந்தது என்று பேங்க் கொடுத்த கடிதத்தின் மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன்: கீழே இருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய் சொல்கிற பழக்கமும் எனக்கு இல்லை. துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் கெரானியாக, அதாவது கணக்குக் குமாஸ்தாவாக, இருந்து மூட்டை எண்ணியவன் நான். எண்ணுகிறவனுக்குக் கற்பனை வராது. வந்தால் மூட்டை குறையும்.

எழுத வந்தது ஒரு துரோகத்தைப் பற்றி. அதற்கு முன் ஃபெரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எல்லாரும் படம் பிடிக்கிற பெரிய ஃபெரி இல்லை இது. தீவில் ஜெலுத்தோங் கரையிலிருந்து, எதிரே பெருநிலத்தில் பத்து காவான் என்ற ஊருக்கு ஓடும் சின்ன ஃபெரி. ‘தீகா மெராக்’ என்ற கம்பெனி, அதாவது மூன்று மயில். கம்பெனியிடம் இருந்ததோ இரண்டு படகு. மூன்றாவது மயில் எங்கே என்று நான் நான்கு முறை கடிதம் எழுதிக் கேட்டேன். ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று நான்கு முறையும் பதில் வந்தது.

காலையில் ஜெலுத்தோங் ஆட்கள் மோட்டார்சைக்கிளோடு ஏறி அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போவார்கள். மாலையில் திரும்புவார்கள். போகும்போது காசு கிடையாது, தீவுக்கு வரும்போதுதான் டிக்கெட். நம் ஊரில் இது பழைய வழக்கம். பாலத்து டோல்கூட அப்படித்தான். ஆகவே கம்பெனி பத்து காவான் வாசலில் மட்டும் தலையை எண்ணும். எண்ணியதை இரண்டால் பெருக்கி ‘கடப்புகள்’ என்று அறிக்கையில் போடும். திரும்பி வருகிறவன் எப்படியும் முதலில் போயிருப்பான் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

இந்தப் பெருக்கலால் சில சங்கடங்கள் உண்டு. பத்து காவானில் இருந்த மோகனராஜ் காலமானபோது அவருடைய அஸ்தியைக் கடலில் கரைக்க இந்தப் படகில்தான் கொண்டுவந்தார்கள். வாசலில் இருந்தவன் கறாரான ஆள். கலசத்துக்கும் ஒரு டிக்கெட் கிழித்தான். நடுக்கடலில் மோகனராஜ் கரைந்தார். ஆனால் அறிக்கையில் ஒன்றை இரண்டாகப் பெருக்கிவிட்டார்களே. அந்தக் காலாண்டுக் கணக்குப்படி அவர் பத்திரமாக வீடு திரும்பிவிட்டார். அவர் மனைவிக்கு நான் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி தன் இணையப் பக்கத்தில் பயணிகள் அறிக்கை போடும். வருஷத்துக்கு ஒருமுறை லாப நட்ட அறிக்கை. இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு இப்ராஹிம் கடைக்குப் போவேன். ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் இப்ராஹிமின் தே தாரிக் கடை, அதாவது ஆற்றிய தேநீர்க் கடை. அங்கே நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து அறிக்கை படிப்போம். நான், கடைக்காரர் இப்ராஹிம், பொது மருத்துவமனையில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்து ஓய்வுபெற்ற ஜெயலெட்சுமி, பிறகு முகம்மது சுல்தான். சுல்தான் மசாலா வியாபாரம் செய்து, கடையை மகனிடம் விட்டவன். எனக்கு நாற்பத்தோரு வருஷ நண்பன். கதையே அவனைப் பற்றித்தான்.

லாப நட்ட அறிக்கையின் நான்காம் பக்கத்தில் நிர்வாக இயக்குநரின் படம் இருக்கும். எண்களைப் பார்க்காமலே நட்டத்தைச் சொல்லும் வழியை நான் அதில்தான் கண்டுபிடித்தேன். நட்டம் கூடக் கூட அந்த மனிதர் அதிகமாகச் சிரிப்பார். நான்கு பல் தெரிந்த வருஷம் நான்கு லட்சம் வெள்ளி நட்டம். ஒன்பது பல் தெரிந்த வருஷம் ஒன்பது லட்சம். போன வருஷ அறிக்கையில் கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிந்தது.

“இந்த வருஷம் ஏதோ மூடப் போறாங்க,” என்றேன்.

“பல்ல பாத்தே சொல்றாரு லா,” என்றான் சுல்தான். “மாட்டுச் சந்தைக்குப் போயிருக்க வேண்டிய ஆளு.”

ஜெயலெட்சுமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினோராம் பக்கத்தை வாசித்தாள். வாசித்துவிட்டு மறுபடியும் வாசித்தாள். அடுத்த காலாண்டில், ஜனவரி முதல் மார்ச் முடிய, மொத்தக் கடப்புகள் முப்பத்தாறாயிரத்துக்குக் குறைந்தால் மாலை ஆறரை மணிப் படகு நிறுத்தப்படும் என்று இருந்தது.

எல்லாருக்கும் ஒரே ஆள்தான் நினைவுக்கு வந்தாள்.

பத்து காவான் ஜெட்டியில், அந்தப் படகுத்துறையின் டிக்கெட் வாசலை ஒட்டி, சந்திரிகா ஒரு தள்ளுவண்டியில் கச்சான் பூத்தே விற்கிறாள். வறுத்த கடலை, பட்டாணி, முறுக்கு, மசாலா போட்ட கொண்டைக்கடலை. பதினோரு வருஷம். அவள் வியாபாரமே அந்த ஆறரை மணிப் படகுதான். ஆறு மணிக்குத் தொழிற்சாலை விடும். அரைமணி நேரம் வரிசையில் நிற்பவர்கள் பசியோடு நிற்பார்கள். அந்தப் படகு போனால் ஆட்கள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிப் பாலம் வழியாகப் போவார்கள். பாலத்தின் மேல் யார் கச்சான் விற்க முடியும்?

சந்திரிகாவுக்குப் புருஷன் இல்லை. மகள் காலேஜில் முதல் வருஷம். வண்டி போனால் காலேஜ் போகும் என்பதை அவள் எங்களிடம் சொன்னதே இல்லை. அதனால்தான் எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது.

“நாம தினமும் போய் வருவோம்,” என்றான் சுல்தான். “நாலு பேரு. ஒரு ஆளுக்கு ரெண்டு. தொண்ணூறு நாளைக்கு எவ்வளவு ஆகுது பாரு, கெரானி.”

“எழுநூத்தி இருவது,” என்றேன்.

“மூத்தவங்களுக்குப் பாதி டிக்கெட். தேத்தண்ணிக் காசு. போவோம்.”

யோசனை அவனுடையது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். துரோகி எப்போதும் முதல் ஆளாகத்தான் கை தூக்குவான்.

ஜனவரி முதல் தேதி தொடங்கினோம். நான் ஒரு நோட்டுப் போட்டேன். நான்கு பெயர், தொண்ணூறு கட்டம். காலையில் ஒவ்வொருவரும் கிளம்புவதாகச் சொன்னதும் கட்டத்தில் டிக் போட்டுவிடுவேன். துறைமுகத்தில் அப்படித்தான். மூட்டை கிடங்கைவிட்டுக் கிளம்பும்போதே குறி விழும். அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது இன்னொரு கெரானியின் வேலை.

கம்பெனி அலுவலகத்தில் காமினி என்ற பெண்தான் அறிக்கையைத் தொகுப்பவள். வாரம் ஒருமுறை அவளுக்குப் போன் செய்வேன்.

“அங்கிள், இது வெளிய சொல்லக் கூடாது,” என்பாள்.

“நான் யாருகிட்டம்மா சொல்லப் போறேன்.”

“போன வாரமும் இதான் சொன்னீங்க. மறுநாள் ஒரு மிஸ்ஸி போன் பண்ணி, என் எண்ணு தப்புன்னு சண்ட போடறாங்க.”

“தப்பா இருந்துச்சா?”

தாள் புரளும் சத்தம் கேட்கும். “ரெண்டு கொறைச்சலா போட்டிருந்தேன்,” என்பாள்.

அந்த மூன்று மாதத்தில் ஆள் சேர்க்க நாங்கள் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நம்ப மாட்டீர்கள் என்பதால். ஒரு நிச்சயதார்த்தத்தைப் படகிலேயே நடத்தினோம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு கரையிலும் பெண் வீட்டார் மறு கரையிலும் இறங்கி விட்டதால் அது இன்னும் முடியவில்லை. அறிக்கையில் ‘சராசரியாக ஒரு நடைக்கு 41.6 பயணிகள்’ என்று வந்தது. அந்தப் புள்ளி ஆறு மனிதனை நான் நேரில் பார்த்தேன். கிளம்பிய படகைப் பிடிக்கத் தாவி ஒரு காலைப் படகிலும் ஒரு காலை ஜெட்டியிலும் வைத்திருந்தார். படகில் இருந்த பங்குக்கு மட்டும் டிக்கெட் காசு கொடுத்தார்.

மார்ச்சில் நோன்பு தொடங்கியது. இப்ராஹிம் கடையைப் பகலில் மூடிவிட்டார். அதனால் அவருக்குப் படகு ஏற வசதி. சுல்தானும் நோன்போடு, தொண்டை வறள, வெயிலில் போய் வந்தான். அந்த மாதம் மட்டும் சேர்ந்து போகாமல் அவரவர் வசதிப்பட்ட நேரத்தில் போனோம். எனக்கு நோன்பு மாதம் பிடிக்கும். பள்ளிவாசலில் சாயங்காலம் நோன்புக் கஞ்சி கொடுப்பார்கள். நோன்பே பிடிக்காமல் முப்பது வருஷமாகக் கஞ்சி மட்டும் குடித்த ஒரே ஆள் நான் என்று சுல்தான் சொல்வான். அவன் பக்கத்தில் தூக்குச்சட்டியோடு நின்றால் யாரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை.

மாதக் கடைசி நெருங்கியது. ராயாவுக்காக, அதாவது நோன்புப் பெருநாளுக்காக, தொழிற்சாலைகள் மூடத் தொடங்கின. மார்ச் 27 முடிய எவ்வளவு என்று காமினியிடம் கேட்டேன். முப்பத்து நாலாயிரத்து நானூற்று எண்பத்து நான்கு என்றாள். பாக்கி நான்கு நாள். வேண்டியது ஆயிரத்து ஐந்நூற்றுப் பதினாறு.

இனி காமினியை நம்பிப் பயனில்லை. நாமே எண்ண வேண்டும். சந்திரிகா அந்த நான்கு நாளும் காலை ஏழு மணிக்கே வண்டியைத் திறந்தாள். டிக்கெட் வாங்கி வாசலைத் தாண்டும் ஒவ்வொரு தலைக்கும் ஒரு கொண்டைக்கடலையை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட வேண்டும். இது என் ஏற்பாடு. அதிலும் ஒரு நுணுக்கம் வைத்தேன்.

“நாங்க நாலு பேரும் வாசல்ல போறப்ப கடலை போடாத,” என்றேன். “எங்கள நான் நோட்டுல போட்டிருக்கேன். நீயும் போட்டா ரெட்டிப்பாயிடும். எங்களக் கண்டாலும் காணாத மாதிரி இரு.”

“பேசக்கூட கூடாதாண்ணே?”

“பேசு. எண்ணாத.”

மார்ச் 31 ராயா. அன்று வீட்டில் விருந்து நடக்கும்போது சுல்தான் புது பாஜு மெலாயுச் சட்டையும் சொங்கோக் தொப்பியுமாக வந்து படகு ஏறினான். இப்ராஹிமும் அப்படியே. அக்கரை ஜெட்டியில் புக்கிட் மெர்தாஜாம் கோயில் பஜனைக் குழுவின் வேன் நின்றது. ஜெயலெட்சுமி ஏற்பாடு. பன்னிரண்டு பேர், தாளம் உட்பட. கணக்குக் குறைந்தால் டிக்கெட் எடுத்துத் தீவுக்கு வருவதாகத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

ஆறரை மணிப் படகு ஊதியதும் சந்திரிகாவின் பாட்டிலைக் கவிழ்த்து எண்ணினேன். எழுநூற்று நாற்பத்து இரண்டு கடலை. இரண்டால் பெருக்கினால் ஆயிரத்து நானூற்று எண்பத்து நான்கு. நாங்கள் நான்கு பேர், நான்கு நாள், பதினாறு டிக்; பெருக்கினால் முப்பத்து இரண்டு. காமினியின் எண்ணோடு கூட்டினேன்.

முப்பத்தாறாயிரம். ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை.

“எதுக்கும் இருக்கட்டும், இவங்களையும் ஏத்திடுவோம்ணே,” என்றாள் ஜெயலெட்சுமி. “பாட்டு வேற தயார் பண்ணிட்டு வந்திருக்காங்க.”

“கணக்கு முழுசா நிக்குது. இதுக்கு மேல ஒரு ஆள் ஏறினாலும் அசிங்கம்,” என்றேன். “வேன திருப்பச் சொல்லு.”

வேன் திரும்பியது. சந்திரிகா அழவில்லை. பாட்டிலில் இருந்த எழுநூற்று நாற்பத்து இரண்டு கடலையையும் மசாலா போட்டு வறுத்து எங்களுக்கே கொடுத்தாள்.

மே மாதக் கடைசியில் அறிக்கை வந்தது. நான்தான் அச்செடுத்துக்கொண்டு போனேன். படிக்காமல் மடித்து எடுத்துப் போய் எல்லார் முன்னாலும் பிரிப்பது எங்கள் வழக்கம். மொத்தக் கடப்புகள்: 35,996. கீழேயே இன்னொரு வரி: ஜூலை முதல் தேதியிலிருந்து மாலை ஆறரை மணிப் படகு இல்லை.

இப்ராஹிம் ஆற்றிக்கொண்டிருந்த தேநீர் குவளைக்கு வெளியே விழுந்தது.

காமினிக்கு அங்கேயே போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன்.

“மூணு தடவ எண்ணிட்டேன் அங்கிள்,” என்றாள். “டிக்கெட் அடிக்கட்டையும் எண்ணிட்டேன். நான் கூட்டிச் சொல்ல முடியும்னா சொல்லியிருப்பேன்.”

நாலு குறைவு. ஆளுக்கு இரண்டு. ஆக இரண்டு தலை குறைகிறது. இப்போது அமைதியாக யோசித்துப் பாருங்கள். காமினி மூன்று முறை எண்ணிவிட்டாள். கடலை எழுநூற்று நாற்பத்து இரண்டும் சரி, அதை எண்ணியவன் நான். பாக்கி இருப்பது நோட்டின் பதினாறு டிக். அந்தப் பதினாறில் இரண்டு பொய். எங்கள் நான்கு பேரில் யாரோ படகில் திரும்பவில்லை.

அதைச் சொன்னவன் நான்தான். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னேன். “நமக்குள்ளயே ஒரு துரோகி இருக்கான்.”

“போன எடுங்க எல்லாரும்,” என்றாள் ஜெயலெட்சுமி. முப்பது வருஷம் வார்டில் திருட்டுத்தனமாகப் பீடி குடித்த நோயாளிகளைப் பிடித்தவள். “பாலத்துல போனா டோல் விழுந்திருக்கும். போன்ல டச் அண்ட் கோ டோல் கணக்கு எல்லாத்தையும் காட்டும்.”

“எனக்கு கெரேத்தாவே இல்ல,” என்றேன்.

“எனக்கும்தான் இல்ல,” என்றார் இப்ராஹிம்.

“எனக்கும் இல்ல. அப்ப யாருகிட்டதான் இருக்கு?” என்றாள் ஜெயலெட்சுமி.

எல்லாரும் சுல்தானைப் பார்த்தார்கள். அவனிடம் ஒரு பழைய சாகா கார் இருந்தது. மார்ச்சில் கியர் பெட்டி கெட்டு, அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் அவன் மருமகன் ஹாரிஸின் வொர்க்‌ஷாப்பில் கிடந்தது. சுல்தான் போனை ஜெயலெட்சுமியிடம் நீட்டினான். அவள் விரலால் தள்ளித் தள்ளிப் போய் நின்றாள்.

“மார்ச் இருவத்தெட்டு. சாயங்காலம் அஞ்சு பன்னண்டு. ரெண்டாவது பாலம்.” அவள் நிமிர்ந்தாள். “பாய். என்ன பாய் இது?”

“கெரேத்தா அன்னைக்கு ரெடியாயிடுச்சு,” என்றான் சுல்தான்.

“ஹாரிஸ் ராயாவுக்கப்புறம் கொண்டாந்து விடறேன்னுதான சொன்னான்? நீங்களே எங்ககிட்ட சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“அப்புறம் என்ன அவசரம்?”

சுல்தான் தேநீரைக் கலக்கினான். சர்க்கரை போடாத தேநீர் அது. கலக்கிவிட்டு என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். நீதிமன்றத்தில் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

“நோன்பு தெறக்கிற நேரம் ஆயிடுச்சு,” என்றான்.

“அஞ்சு மணிக்கா? ஏழரை வரைக்கும் நேரம் இருக்கே. படகுல வந்திருந்தாலும் ஆறு மணிக்கு வீடு.”

அவன் கரண்டியை எடுத்து மேசையில் வைத்தான். நாற்பத்தோரு வருஷம். என் கல்யாணத்துக்கு முப்பது கிலோ மசாலா காசு வாங்காமல் கொடுத்தவன். என் மனைவி போன பிறகு ஒரு வருஷம் தினமும் சாப்பாடு கொண்டுவந்தவன். அவன் இப்படிச் செய்வான் என்று யார் நினைப்பார்கள்?

“ஒருத்தன் ஆச்சு,” என்றார் இப்ராஹிம் மெதுவாக. “ஆனா கொறையறது ரெண்டு தலை. இன்னொன்னு யாரு? கெரேத்தாவுல கூட யாராச்சும் வந்தாங்களா பாய்?”

“கெரேத்தாவுக்கு ஒரு டோல்தான்,” என்றான் சுல்தான். “உள்ள எத்தன பேருன்னு பாலம் எண்ணாது.”

“அது இருக்கட்டும். வந்தாங்களா?”

விசிறி மேலே சுற்றிக்கொண்டிருந்தது. மேசையில் அறிக்கையின் முனை எழும்பி எழும்பி விழுந்தது. நான் அதன் மேல் என் நோட்டை வைத்தேன். திறந்தபடிதான் வைத்தேன். மார்ச் 28, அர்ஜுனன் என்ற என் பெயருக்கு நேராக டிக் எல்லாருக்கும் தெரிந்தது.

“மறுநாளும் நாந்தான்,” என்றான் சுல்தான். “இருவத்தொம்பதும் நான் படகுல வரல. ஹாரிஸ் கெரேத்தாவுல வந்தேன். அதான் எனக்கு டோல் இல்ல. ரெண்டும் என் தலையிலேயே எழுதிக்குங்க.”

ஜெயலெட்சுமி போனை மேசையில் வைத்தாள். வைத்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

“பன்னண்டு பேரு வேன்ல உக்காந்திருந்தாங்க பாய்,” என்றாள். “ஒரு வார்த்த. அன்னைக்கு ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா.”

“சொல்லியிருக்கணும்,” என்றான் சுல்தான். எழுந்தான். தன் தேநீருக்கு மட்டும் இல்லாமல் நான்கு பேருக்கும் காசு வைத்துவிட்டுப் போனான். இப்ராஹிம் அந்தக் காசை எடுக்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் அங்கேயே கிடந்தது.

சந்திரிகாவிடம் விஷயத்தைச் சொல்ல நானே போனேன். மற்றவர்களுக்குத் தைரியம் வரவில்லை. அவள் கடலை வறுத்துக்கொண்டே கேட்டாள்.

“பாயா?” என்றாள். “அன்னைக்கு காலையில எங்கிட்ட கச்சான் வாங்கினாரேண்ணே. ரெண்டு பொட்டலம். நோன்பு வெச்சிருக்கிற ஆளுக்கு எதுக்கு ரெண்டுன்னு கேட்டேன். சிரிச்சாரு.”

“நோன்பு தெறக்கறப்ப பசி ஜாஸ்தியா இருக்கும்,” என்றேன்.

“ரெண்டு நாளும் அவரேவா?”

“அவரே ஒத்துக்கிட்டாரு.”

அவள் அடுப்பைத் தணித்தாள். “நான் வேணா எண்ணியிருக்கலாம் உங்களையும்,” என்றாள். “நீங்கதான் வேணான்னீங்க.”

“நம்பிக்கை வெச்சோம்,” என்றேன். “நம்பினவங்களுக்குத்தான் துரோகம் நடக்கும்.”

ஜூன் 30. கடைசி ஆறரை மணிப் படகு. வரிசை வழக்கம் போல இருந்தது. தொழிற்சாலை ஆட்கள் சந்திரிகாவிடம் இரண்டு மூன்று பொட்டலமாக வாங்கினார்கள். சிலர் மிச்சத்தை வாங்காமல் போனார்கள். எங்களுக்கு அவள் காசு வாங்கவில்லை. ஜெயலெட்சுமிக்கு முறுக்கு, இப்ராஹிமுக்குப் பட்டாணி, எனக்கு மசாலாக் கொண்டைக்கடலை.

சுல்தானும் வந்திருந்தான். எங்களோடு நிற்கவில்லை. வரிசையில் ஆளோடு ஆளாக நின்று, தன் முறை வந்ததும் ஐந்து வெள்ளி நோட்டை நீட்டினான்.

“ரெண்டு கச்சான், சந்திரிகா.”

அவள் முன்னால் டின் நிறையக் கடலை இருந்தது. அவனுக்கும் அது தெரிந்தது.

“தீந்துபோச்சு பாய்,” என்றாள்.

அவன் தலையாட்டினான். நோட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, டிக்கெட் எடுத்து வாசலைத் தாண்டினான். பக்கத்தில் வந்தபோது என் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தான்.

“சூடா இருக்கா?” என்றான்.

“இருக்கு,” என்றேன்.

“சாப்பிடு. ஆறிடப் போவுது.”

அவ்வளவுதான் பேசினான். படகில் முன்பக்கம் போய்த் தனியாக நின்றுகொண்டான். பாதிக் கடலில் இரண்டாவது பாலத்தின் விளக்குகள் தெரிந்தன. ஒரு துரோகி அதை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்க முடிகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பொட்டலத்தைக் காலி செய்தேன். நன்றாகத்தான் இருந்தது.

வண்டியை விற்றுவிட்டாள் சந்திரிகா. இப்போது ஒரு தொழிற்சாலை கேண்டீனில் தட்டு கழுவுகிறாள். மகள் படிப்பை ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருக்கிறாள். தள்ளிப் போட்டது திரும்பி வரும் என்று காலேஜ் சொல்லியிருக்கிறதாம்.

இப்ராஹிம் கடையில் இப்போது மூன்று பேர்தான் அறிக்கை படிக்கிறோம். நிர்வாக இயக்குநர் இந்த முறை வாயை மூடிக்கொண்டு படம் எடுத்திருக்கிறார். லாபம் வந்திருக்க வேண்டும். சுல்தான் பெயரை யாரும் எடுப்பதில்லை. அவன் உட்கார்ந்த நாற்காலியை இப்ராஹிம் உள்ளே எடுத்துப் போட்டுவிட்டார். போன வாரம் காமினிக்குப் போன் செய்தபோது அவளாகவே சொன்னாள்: “அந்த பாய் அங்கிள் மட்டும் இன்னும் தினமும் ஒரு மணிப் படகுல வர்றாரு. எண்ண வேண்டியது முடிஞ்சிடுச்சேன்னு வாசல்ல கேட்டாங்களாம். பழகிடுச்சுன்னு சொல்லியிருக்காரு.”

குற்ற உணர்ச்சி அப்படித்தான் ஆளைப் படகு ஏற்றும் என்று ஜெயலெட்சுமி சொல்கிறாள். நான் மறுத்துப் பேசவில்லை. நாற்பத்தோரு வருஷ நட்பை ஒரு டோல் கணக்கில் இழந்தவன் என்ன பேசுவது? ராத்திரிகளில் நோட்டை எடுத்து மார்ச் மாதப் பக்கத்தைப் பார்க்கிறேன். பதினாறு டிக்கும் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில், வரிசை பிசகாமல் இருக்கின்றன. துறைமுகத்தில் என் கணக்கை யாரும் திருப்பி எண்ணியதில்லை.

மார்ச் மாதக் கடைசி நான்கு நாளில் எங்கள் ஆட்களோடு பாலத்தைக் கடந்தது ஒரே ஒரு கெரேத்தாதான். அதன் முன் இருக்கையில் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, படகுக்கு நின்றால் பள்ளிவாசலில் கஞ்சி தீர்ந்துவிடும், பாலத்தில் போய்விடலாம் என்று சுல்தானிடம் சொன்னவன் நான்.